பாடிகாவல் முதல் பறிமுதல் வரை: ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் வேட்டைக் கருவிகளின் காவல் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

காட்டில் பாடி அமைத்துத் தங்குவோர் தம் கருவிகளைக் களவினின்று எவ்வாறு காத்தனர் என்னும் வினாவை, ஸ்ரீவில்லிபுத்தூர் - இராஜபாளையம் மலையடிவாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சங்கப் பாடல்கள் காட்டும் எயினர் குறும்பும் அரசர் பாசறையும், இடைக்காலக் கல்வெட்டுகளில் பயிலும் பாடிகாவல், பாளையப்பட்டுக் காலத்துத் தலக்காவலும் திசைக்காவலும், 1801 முதல் 1972 வரையிலான ஆயுத, வனச் சட்டங்களும் கால வரிசையில் நோக்கப்படுகின்றன. காவலின் அடிப்படை முதலில் கருவிகளை அடுக்கும் முறையில் இருந்தது. பின்னர் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பிற்கு மாறியது. இறுதியில் உரிமத் தாளில் வந்து நின்றது. இம்மாற்றங்களினூடே மறைந்தது காவல் அன்று, ஈடு என்னும் கடப்பாடே என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஸ்ரீவில்லிபுத்தூர், வேட்டைப்பாடி, எயினர், பாடிகாவல், தலக்காவல், திசைக்காவல், துப்புக்கூலி, ஆயுதச் சட்டம், பறிமுதல்

முன்னுரை

வேட்டை குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் திணைக் கோட்பாடு, வழிபாடு, விலங்குகள், வேட்டுவ மக்களின் வாழ்வியல் ஆகியவற்றைச் சார்ந்தே அமைந்துள்ளன. வேட்டுவரின் உடைமை என்னும் கோணம் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. வில், வேல், வலை, கண்ணி, கயிறு, நாய் ஆகியவையே வேட்டுவரின் முதற்பொருள். ஒரு வலையைப் பின்னப் பல நாள் உழைப்பு வேண்டும். நன்கு பழகிய ஒரு நாயை உருவாக்கச் சில ஆண்டுகள் வேண்டும். இவற்றை இழந்தவர் அந்தப் பருவத்தின் உணவையே இழக்கிறார்.

ஊரிலுள்ள வீட்டிற்குக் கதவும் தாழும் உண்டு. அண்டை வீட்டாரின் கண்ணும் உண்டு. காட்டுப் பாடிக்கு இவை இல்லை. விலங்கைத் தொடர்ந்து ஆடவர் அகலும்போது பாடி ஆளற்றுக் கிடக்கும்; இரவில் களைத்து உறங்கும்போதும் ஏறக்குறைய அதே நிலைதான். ஆகவே பூட்டுக்கு இடமில்லாத இடத்தில் பொருளைக் காப்பது எவ்வாறு என்னும் வினா, ஒரு சமூகம் உடைமையையும் பொறுப்பையும் எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை வெளிப்படுத்தும் வினாவாகிறது. இக்கட்டுரை இவ்வினாவிற்குத் தமிழகம் வெவ்வேறு காலங்களில் கண்ட விடைகளைத் தொகுத்து, அவற்றிற்கிடையிலான மாற்றத்தை விளக்க முயல்கிறது.

ஆய்வுக் களம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர், தன் தோற்றக் கதையையே வேட்டையிலிருந்து தொடங்குகிறது. மல்லி என்னும் அரசியின் மக்களாகிய வில்லி, கந்தன் என்னும் வேட்டுவர் இருவரும் காட்டில் வேட்டையாடினர் என்றும், கந்தன் புலியால் மாண்டான் என்றும், அவனைத் தேடிய வில்லியின் கனவில் திருமால் தோன்றினார் என்றும், வில்லி காடு திருத்தி அமைத்த புதிய ஊரே வில்லிபுத்தூர் ஆயிற்று என்றும் தலபுராணம் கூறும். இக்கதையை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ள இயலாது. ஆயினும் வேட்டைக்காடு ஊராக மாறிய நினைவை ஒரு பெருங்கோயில் நகரம் தன் பெயரிலேயே பேணி வருவது கருதத்தக்கது.

நாயக்கர் காலத்தில் திருமலை நாயக்கர் (1623-1659) இங்கு ஓர் அரண்மனை எழுப்பினார். மலையை ஒட்டிச் சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி, நெற்கட்டும்செவல் முதலிய மேற்குப் பாளையங்கள் அமைந்திருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வட்டம், 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. 1988இல் இம்மலைப்பகுதி சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. வேட்டுவர் காடு, பாளையக்காரர் காடு, அரசுக் காடு என மூன்று நிலைகளையும் ஒரே நிலப்பரப்பில் காண இயல்வதே இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணம்.

கருவியே அரண்: சங்கப் பாடல்களின் சான்று

வேட்டுவர் தம் கருவிகளை எங்கு, எவ்வாறு வைத்தனர் என்பதற்கு மிகத் தெளிவான சான்று பெரும்பாணாற்றுப்படையில் கிடைக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணனுக்கு வழி கூறுகையில் எயினர் குடியிருப்பை விரிவாகக் காட்டுகிறார். நீர்நிலையருகே குழி தோண்டி அதனுள் ஒளிந்திருந்து நள்ளிரவில் பன்றியின் வரவை நோக்குவது அவர்களின் முதல் முறை. அது வாய்க்காவிடில், பகலில் நாய்களுடன் புதர்களைக் கலைத்து, வேலியின் இடைவெளிகளில் வலைகளைத் தொடர்ச்சியாக மாட்டி முயல் பிடிப்பது அடுத்த முறை. குழி, நாய், வலை என வேட்டைக்குரிய முதலீடு அனைத்தும் இங்குப் பட்டியலிடப்பட்டுவிடுகிறது.

இதனையடுத்துப் புலவர் காட்டும் குறும்பின் அமைப்பு இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. வேல்கள் கேடயங்களுடன் வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. நாணேற்றிய விற்கள் சாத்தப்பட்டுள்ளன. அம்புக்கட்டுகளும் துடியும் பந்தலில் தொங்குகின்றன. நாய்கள் சங்கிலியால் கட்டப்பட்டுள்ளன. வெளியே உயிருள்ள முட்செடிகளாலான வேலி, அதனைச் சூழ்ந்த காவற்காடு, வலிய கணையமரம் இட்ட வாயில், அவ்வாயிலில் கூரிய கழுமரங்களின் நிரை. வெளிவட்டத்தில் முள், அதனுள் மரம், பின் நாய், நடுவே கருவி என நான்கு அடுக்குகள் இதில் புலப்படுகின்றன. கருவிகள் மூலையில் மறைத்து வைக்கப்படவில்லை. பலரும் காண வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்கும் பொருளில் ஒன்று குறைந்தால் அந்த இடைவெளியே களவைக் காட்டிக்கொடுக்கும். பந்தலில் தொங்கும் துடியை எடுத்து முழக்கினால் குடியிருப்பு முழுவதும் விழித்துக்கொள்ளும். குறும்பின் இவ்வமைப்பைக் காவல் அமைப்பாகவும் படிக்க இடமுண்டு.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு இதே நெறியை அரசனின் பாசறைக்கு விரிக்கிறது. 103 அடிகளில் அமைந்த இப்பாட்டில், படை காட்டாற்றைக் கடந்து, புதர்களை வெட்டி, அங்கிருந்த வேட்டுவரின் சிற்றரண்களை அழித்து, காட்டு முள்ளால் மதில் வளைத்துத் தங்குகிறது. வேட்டுவர் பாடி இருந்த இடத்திலேயே அரசனின் பாடி எழுகிறது. முள்வேலி என்னும் நுட்பமும் இருவர்க்கும் பொதுவாகிறது. பாசறையுள் வில்லை ஊன்றி, அம்பறாத்தூணியை அதில் தொங்கவிட்டு, கால் நட்டுக் கயிறு இழுத்துக் கூடாரம் அமைக்கின்றனர். ஈட்டிகளைக் குத்திக் கேடயங்களை நிரைத்து அந்தப் படைக்கலங்களையே உள்ளரணாக்குகின்றனர். காக்கப்பட வேண்டிய பொருளே காக்கும் சுவராகவும் ஆவதே இதன் சிறப்பு. இதற்குமேல் ஆட்காவலும் பேசப்படுகிறது: விளக்கேந்திய மகளிர், உறக்க மயக்கத்திலும் சுற்றிவரும் முதிய மெய்காப்பாளர், நாழிகைக் கன்னலைக் கொண்டு நேரம் அறிவிப்போர், அரசன் கூடாரத்தருகே யவனரும் பேச்சறியா மிலேச்சரும் எனக் காவல் பல படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. நேரங்காட்டும் கருவியை இவ்வரிசையில் சேர்த்திருப்பதால், இரவுக் காவல் முறைவைத்து நடந்தது என்று கருதலாம்.

இப்பாடல்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையைப் பாடியவை அல்ல. ஆயினும் பாண்டிய நாட்டுச் சான்றாக மதுரைக்காஞ்சியை இங்குச் சேர்த்து நோக்கலாம். இராஜபாளையத்திற்குத் தெற்கே, சங்கரன்கோவிலை அடுத்துள்ள மாங்குடியே அதனைப் பாடிய மாங்குடி மருதனாரின் ஊர் எனக் கருதுவோர் உளர். மதுரை நகரின் நள்ளிரவைப் பாடும் பகுதியில், நிலத்தை அகழும் உளியும் நூலேணியும் கொண்டு திருடர் திரிவதையும், களிற்றை நோக்கும் புலி போல ஊர்காப்பாளர் அவர்களைத் தேடுவதையும் மருதனார் காட்டுகிறார். அக்காப்பாளர் நூலறிவு பெற்றவர். மழை பொழியும் நள்ளிரவிலும் சோர்வின்றிச் சுற்றிவருபவர். ஆகப் பாண்டிய நாட்டு நகரில் காவல் என்பது பயிற்சியும் மரபும் உடைய தொழிலாகிவிட்டது. காட்டிலோ அது பாடியில் தங்குவோர் ஒவ்வொருவரின் கடமையாகவே தொடர்ந்தது.

பெரும்பாணாற்றுப்படை இன்னொரு செய்தியையும் தருகிறது. இளந்திரையன் ஆளும் நிலத்தில் வழிப்போக்கரைத் தாக்கிப் பொருள் பறிப்போர் இல்லை என்றும், விரும்பிய இடத்தில் சுமையிறக்கி இளைப்பாறலாம் என்றும் பாணனுக்கு உறுதி கூறப்படுகிறது. புகழ்ச்சியாகக் கூறப்பட்டதாயினும், காட்டில் இறக்கிவைத்த பொருள் களவுபோகாதிருப்பதே நல்லாட்சியின் அளவுகோல் என்னும் எண்ணம் இங்குத் தோன்றிவிட்டது. பொருளுடையவரின் கடமையாக இருந்த காவல், ஆள்பவரின் கடமையாகக் கருதப்படத் தொடங்கியதன் அறிகுறி இது.

நாயின் காவல்: நடுகல் சான்று

காட்டுப் பாடியில் உறங்காத காவலர் நாயே. இதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்ததையும், கோவிவன் என்னும் பெயருடைய அவனது நாய் திருடரைக் கடித்துக் காத்து நின்றதையும் அக்கல் பதிவுசெய்கிறது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாய்க்குத் தனிப்பெயர் இருந்ததும், அப்பெயர் கல்லில் ஏறியதும் அதன் காவற்பணிக்குச் சமூகம் அளித்த மதிப்பைக் காட்டுகின்றன.

தென்பாண்டி நாட்டின் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நாயினங்களும் வேட்டை, காவல் என்னும் இரு பணிகளுக்கும் வளர்க்கப்பட்டவை. விஜயநகரப் பேரரசின் காலத்தில் ஆந்திர நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜூக்களின் ஊரான இராஜபாளையத்தின் பெயரால் வழங்கும் வெண்ணிற நாய், காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்றது. இந்திய அஞ்சல் துறை 2005இல் வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல் தலைகளுள் இதுவும் ஒன்று. வேட்டை சட்டத்தால் தடைபட்ட பின்னும் இவ்வினம் நிலைத்ததற்கு அதன் காவல் பயன்பாடே முதன்மைக் காரணம். வேட்டைக் கருவிகளுள் உயிருள்ள ஒன்று மட்டும் ஊருக்குள் திரும்பி, வீட்டையும் தோட்டத்தையும் காக்கும் பணியில் அமர்ந்தது எனலாம்.

பாடிகாவல்: பொறுப்பும் ஈடும்

‘பாடி’ என்னும் சொல் முல்லை நிலத்து ஊரையும், படை தங்கும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும். ஆயர்பாடி, பாடிவீடு என்னும் வழக்குகள் இவ்விரு பொருளையும் இன்றும் தாங்கி நிற்கின்றன. சோழர், பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்பது ஓர் உரிமையாகவும் ஒரு வரியாகவும் இடம்பெறுகிறது. ஊரைக் காக்கும் பொறுப்பை ஏற்ற அரையர், அதற்கு ஈடாக ஊராரிடம் பங்கு பெற்றனர். புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகள், ஊரார் இவ்வுரிமையை அரையர்க்கு விற்றதையும் காட்டுகின்றன. தற்காலிகத் தங்கலுக்குரிய காவலைக் குறித்த சொற்கூறு நிலையான ஊரின் காவலுக்குப் பெயரானது, பாடியின் நெறி ஊரின் நிறுவனமாக வளர்ந்ததற்கு மொழி தரும் சான்றாகும்.

இந்நிறுவனத்தின் உயிர்நாடி இழப்பீடு. காவலுக்கான கூலியைப் பெற்றவர், களவுபோன பொருளை மீட்டுத் தர வேண்டும்; இயலாவிடில் அதன் மதிப்பைத் தர வேண்டும். இக்கோட்பாடு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் நான்காம் அதிகரணத்தில், வணிகச் சாத்தினர் தம் சரக்கின் மதிப்பை முன்னரே அறிவித்து ஊரில் தங்கும்போது பொருள் களவுபோனால் ஊர்த்தலைவரே ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. ஊர்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் களவு நிகழ்ந்தால் அப்பொறுப்பு மேய்ச்சல்நில அதிகாரியையும், அதற்கும் அப்பாற்பட்ட இடத்தில் திருடரைப் பிடிக்கும் அதிகாரியையும் சாரும். இங்கிலாந்தில் 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டமும், கொள்ளையரைக் குறித்த காலத்துள் ஒப்படைக்காத வட்டாரத்தார் இழப்பை ஏற்க வேண்டும் என விதித்தது. ஆளற்ற இடத்தில் பூட்டுக்குப் பதிலாகப் பொறுப்பை நிறுத்துவது பல நாடுகள் தனித்தனியே கண்ட விடை என்பது இதனால் தெளிவாகிறது.

அர்த்தசாஸ்திர விதியின் ஒரு நுட்பம் கவனத்திற்குரியது. பொருளின் மதிப்பை முன்னரே அறிவித்திருந்தால்தான் ஈடு கிடைக்கும். ஆக, தங்க வருபவர் தம்மிடம் என்ன உள்ளது என்பதைக் காவலரிடம் ஒளிவின்றிக் கூற வேண்டியுள்ளது. எயினர் குறும்பில் பலரும் காண நிரைத்த வேல்கள் செய்த வேலையை இங்கு வாய்மொழி அறிவிப்பு செய்கிறது. பொருள் எவ்வளவு என்பது பலர் அறிந்ததாக இருப்பதே இரண்டிலும் காப்பின் தொடக்கம்.

உறவின் வழியாகவும் இப்பொறுப்பு நிறுத்தப்பட்டது. ஆனைமலைக் காடர் பாறைச் சரிவில் தேன் எடுக்க இறங்கும்போது, ஏணியின் தலைப்பில் உறவினர் ஒருவர் தீங்கு நேராதபடி காவல் நிற்பதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதிகளில் பதிவுசெய்துள்ளார். அங்கு ஏணி ஒரு கருவி மட்டும் அன்று. அதில் தொங்குபவரின் உயிர். அதனைக் காப்பவர், இழப்பு நேர்ந்தால் தாமும் இழப்பவராக இருக்க வேண்டும் என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள்.

தலக்காவலும் திசைக்காவலும்

பாளையப்பட்டுக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் காவல் இரு வகையாக இயங்கியது. ஓர் ஊரின் எல்லைக்குள் அவ்வூர்க் காவலர் ஏற்றது தலக்காவல். பல ஊர்களையும் வழிகளையும் உள்ளடக்கிப் பாளையக்காரர் ஏற்றது திசைக்காவல். தேசகாவல் என்றும் வழங்கியது. கூலி, களத்தில் அளக்கும் தானியமாகவும், மானிய நிலமாகவும், ஏர் அல்லது வீட்டுக் கணக்கில் பணமாகவும் தரப்பட்டது. மலையடிவாரத்தில் மறவர் பாளையங்கள் இவ்வுரிமையைப் பரவலாகக் கொண்டிருந்தன. காட்டுவழியாகக் கேரளத்திற்குச் செல்லும் வணிகர், கிடை போடும் ஆயர், வேட்டைக்குச் செல்வோர் ஆகிய அனைவரும் ஏதேனும் ஒரு காவலின் எல்லைக்குள்ளேயே தங்க வேண்டியிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாளையப்பட்டுகளின் பேஷ்குஷ் வசூலுக்குப் பொறுப்பேற்ற ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன், இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதினார். தலக்காவல் தொன்மையானது, பொறுப்போடு கூடியது; திசைக்காவலோ நவாபின் ஆட்சி தளர்ந்தபோது பாளையக்காரர் வலிந்து நிறுவியது என்பது அவர் கருத்து. பாளையக்காரரின் அதிகாரத்தை ஒடுக்க முனைந்த ஆட்சியின் அலுவலர் எழுதியது என்பதால் இக்கூற்றை அப்படியே ஏற்க இயலாது. அதேவேளையில் அதனை முற்றும் ஒதுக்கவும் இயலாது. காவலரைக் கண்காணிக்க மேலதிகாரம் இல்லாதபோது, கூலி தராதவரின் பொருளே களவுபோகும் நிலை தோன்றியது. களவுபோன கால்நடையை மீட்டுத் தருவதற்கு ‘துப்புக்கூலி’ பெறும் வழக்கம் இதன் விளைவு. துப்புக் கொடுத்தவரும் களவு செய்தவரும் ஒருவரே என்னும் ஐயம் திருநெல்வேலி, மதுரை மாவட்டக் கையேடுகளில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகிறது. ஈடு கட்டும் கடப்பாடு தளர்ந்து கூலி பெறும் உரிமை மட்டும் எஞ்சும்போது, காவல் கப்பமாகிவிடுகிறது.

இதற்கு உழவர் தந்த எதிர்வினை ஆய்வுக்குரியது. 1896ஆம் ஆண்டையொட்டி மதுரை மாவட்டத்தின் திண்டுக்கல் பகுதியில் காவலுக்கு எதிரான இயக்கம் எழுந்தது. ஊரார் பழைய காவலரை விலக்கினர். தாமே காவலாட்களை அமர்த்தினர். களவு நேர்ந்தால் ஊதிக் கூட்டம் சேர்க்கக் கொம்புகளை வைத்துக்கொண்டனர். கால்நடையை இழந்தவர்க்கு ஈடு தரப் பொதுநிதியும் திரட்டினர். எயினர் பந்தலில் தொங்கிய துடியின் இடத்தில் இங்குக் கொம்பு. காவலரின் ஈட்டுப் பொறுப்பின் இடத்தில் இங்கு ஊர்நிதி. காவல் முறையை எதிர்த்தவர்களும் அதன் அடிக்கோட்பாடாகிய இழப்பீட்டைக் கைவிடவில்லை. அவர்கள் விலக்கியது ஈட்டை அன்று. ஈடு தராத காவலரை.

ஆயுதக் களைவும் உரிமத் தாளும்

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பின்னும், 1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னும் கும்பினி அரசு பாளையங்களின் கோட்டைகளை இடித்தது. 1801 ஜூலை ஒப்பந்தத்தால் கர்நாடக நவாபின் ஆட்சி கும்பினியின் கைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பகுதியில் படைக்கலம் ஏந்துவதைத் தடைசெய்தது. தொடர்ந்து வந்த நிரந்தரத் தீர்வில் பாளையக்காரர் ஜமீன்தார் ஆயினர். காவல் அதிகாரம் அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டது.

இவ்வறிக்கை படைக்கலத்திற்கும் வேட்டைக் கருவிக்கும் இடையிலான எல்லையை அழித்தது. வேல், ஈட்டி, வளரி ஆகியவை போருக்கும் வேட்டைக்கும் பொதுவானவை. சின்ன மருது தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுத்தந்ததைத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். நூறாண்டு கழித்துத் தர்ஸ்டன் எழுதும்போது வளரி முயல் வேட்டைக்குரிய தடியாகச் சுருங்கியிருந்தது. கருவி களவுபோகுமோ என்று அஞ்சியவர், இனி அது தம்மிடம் இருப்பது தெரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியவரானார். அனைவரும் காண நிரைத்து வைத்தலே காப்பு என்னும் பழைய நெறி அன்றோடு தலைகீழானது. மறைத்து வைத்தலே காப்பு என்றானது.

1859இன் சென்னைக் காவல்துறைச் சட்டம், 1878இன் ஆயுதச் சட்டம், 1882இன் சென்னை வனச் சட்டம் ஆகியவை இம்மாற்றத்தை முழுமையாக்கின. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். காப்புக்காட்டில் நுழையவும், வேட்டையாடவும், கண்ணி வைக்கவும் அனுமதி வேண்டும். ஒரு கருவி யாருடையது என்பதற்கு ஊரறிந்த உடைமையே சான்றாக இருந்த நிலை மாறி, தாளே சான்று ஆனது. தாள் உடையவர் ஜமீன்தாரும் ஐரோப்பிய அலுவலரும் வசதியுள்ளோருமே. வலையும் கண்ணியும் கொண்டு காட்டைச் சார்ந்து வாழ்ந்தவர்க்கு அத்தாள் எட்டவில்லை. அவருடைய வலை களவுபோனால் முறையிடுவதும் இயலாததாயிற்று. முறையீடே குற்ற ஒப்புதலாகிவிடும்.

காவலர் குற்றப்பட்டியலில் ஏறுதல்

புதிய காவல்துறை திருடரைப் பிடிக்கவும் தண்டிக்கவும் பொறுப்பேற்றது. இழந்தவர்க்கு ஈடு தரும் பொறுப்பை ஏற்கவில்லை. குற்றம் அரசுக்கு எதிரானது என்னும் கோட்பாட்டில் பொருளை இழந்தவர் சாட்சியாக மட்டுமே இடம்பெற்றார். அதேவேளையில் பழைய காவல் மரபினரான சமூகங்கள் ஐயத்திற்குரியவராயினர். 1911இன் குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்திலும் செயற்பட்டது. அதன்கீழ்ப் பிரமலைக் கள்ளர் முதலிய சமூகங்கள் கைரேகைப் பதிவிற்கும் இரவு நேர வருகைப் பதிவிற்கும் உட்படுத்தப்பட்டன. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்தோர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது.

இரவில் விழித்து ஊரைச் சுற்றிய மரபினர், இரவில் தாம் இருக்குமிடத்தைக் காவல் நிலையத்தில் மெய்ப்பிக்க வேண்டியவராயினர். காவல் முறையில் இருந்த குறைகள் உண்மையானவை. அவற்றைத் திருத்த இரு வழிகள் இருந்தன: திண்டுக்கல் உழவர் செய்ததுபோல ஈட்டை வலுப்படுத்துவது ஒன்று; காவலரைக் குற்றவாளியாக்குவது மற்றொன்று. அரசு இரண்டாவதைத் தேர்ந்தது.

பறிமுதல்: கருவியின் இறுதி நிலை

1882இன் வனச் சட்டம் கருவியின் வரலாற்றில் இன்னொரு திருப்பத்தையும் கொண்டுவந்தது. வனக் குற்றத்திற்குப் பயன்பட்ட கருவிகள், கயிறுகள், சங்கிலிகள், படகுகள், வண்டிகள், கால்நடைகள் ஆகியவற்றைக் கைப்பற்ற அது வழிவகுத்தது. சேத்தூர், சிவகிரி முதலிய ஜமீன்களின் உரிமை 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. தனியார் காடுகள் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்குள் வந்தன. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடைசெய்தது. அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு சரணாலயத்திற்குள் ஆயுதத்துடன் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கிறது. 34ஆம் பிரிவு, சரணாலய எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் ஆயுத உரிமத்தார் தம் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. குற்றத்திற்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்பட்ட ஆயுதம், பொறி, கருவி, வாகனம் ஆகியவை அரசின் சொத்தாகும் என 39ஆம் பிரிவு விதிக்கிறது.

அழியும் நிலையிலுள்ள விலங்குகளைக் காக்க இத்தடை தேவையானது என்பதில் ஐயமில்லை. சாம்பல்நிற அணிலும் புலியும் இம்மலையில் எஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இங்குக் கருத வேண்டியது, தேன், கிழங்கு முதலிய சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் பளியர் போன்றோரின் கயிறும் அரிவாளும் கூடையும் எந்த வகையில் சேரும் என்பதே. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்மீது அவர்களுக்கு உரிமை வழங்குகிறது. பொருள்மீது உரிமை உண்டெனில், அதனைச் சேகரிக்கும் கருவியைக் காட்டிற்குள் கொண்டுசெல்லவும், தங்குமிடத்தில் வைத்துச் செல்லவும், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டென்றே பொருள்படும். காட்டுத் தங்குமிடத்தில் கிடக்கும் ஒரு கயிறு ஒருவரின் உடைமையா, கைப்பற்றத்தக்க சான்றா என்னும் முடிவு, இன்று அதனைக் காணும் வனக்காவலரின் பார்வையையே பெரிதும் சார்ந்துள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று, சங்கப் பாடல்கள் காட்டும் வேட்டைப்பாடியில் காவல் என்பது அமைப்பு சார்ந்தது. முள், மரம், நாய், நிரைத்த கருவி என்னும் அடுக்குகளும், பலரறியப் பொருளை வைக்கும் நெறியும் அதன் கூறுகள். அரசனின் பாசறையும் இதே நெறியைப் பின்பற்றியது.

இரண்டு, பாடிகாவலும் அதன் வழிவந்த தலக்காவலும் அமைப்பின் இடத்தில் பொறுப்பை நிறுத்தின. கூலி பெற்றவர் ஈடு கட்ட வேண்டும் என்னும் கடப்பாடே அவற்றின் வலிமை. அக்கடப்பாடு தளர்ந்தபோதுதான் திசைக்காவலும் துப்புக்கூலியும் சுமையாயின. 1896ஆம் ஆண்டு இயக்கத்தினர் காவலரை விலக்கியும் ஈட்டைப் பேணியது இதனை உறுதிப்படுத்துகிறது.

மூன்று, 1801க்குப் பிந்தைய ஆயுத, வனச் சட்டங்கள் கருவியைக் காக்க வேண்டிய பொருள் என்னும் நிலையிலிருந்து ஐயத்திற்குரிய பொருள் என்னும் நிலைக்கு மாற்றின. தண்டனை அரசின் கைக்குச் சென்றது. ஈடு எவர் கைக்கும் செல்லவில்லை.

எயினர் பந்தலில் சாத்திய வில்லுக்கும், இன்று செண்பகத்தோப்பின் மேலுள்ள காட்டில் தேன் எடுக்கும் கயிற்றுக்கும் இடையே நீண்ட கால இடைவெளி உண்டு. இரண்டிற்கும் பொதுவானது ஒன்றே: அதனை வைத்துச் செல்பவரின் வாழ்வு அதனைச் சார்ந்துள்ளது. வன உரிமைச் சட்டத்தின் நடைமுறையில், சேகரிப்போரின் கருவிகளை ஊர்ச்சபை அறியப் பதிந்து, அவற்றிற்கு நேரும் இழப்புக்கு ஈடு வகுப்பது பழைய பாடிகாவலின் நல்ல கூற்றை மீட்பதாக அமையும்.